பதினோரு பென்சில் கோடுகள்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், காலண்டர் மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில், பென்சில் கோடுகள் வரிசையாக மேலே ஏறிப் போயின. அடியில் இருந்த நான்கு கோடுகள் உண்மை. அதற்கு மேலே இருந்த பதினொன்றும் பொய். எல்லாவற்றையும் என் கணவர்தான் தன் கையால் போட்டார், பக்கத்தில் பொடி எழுத்தில் தேதியும் எழுதினார். பொய் சொன்னது அவர் இல்லை, நான்.

அப்போது நாங்கள் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். பாலத்துக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. காலையில் துடைத்த டி.வி. மேல் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. எனக்கு நாற்பத்து நான்கு வயது. நகரத்துக்குள் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, லேடீஸ் கம்பார்ட்மெண்டில் மேலே தொங்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போய், நின்றபடியே திரும்பி வந்தவள். அந்தக் கையைப் பற்றி ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

வலது மார்பில் புற்றுநோய். கட்டி பெரிதாக இருந்ததால் முதலில் ஊசி மருந்து போட்டு அதைச் சுருக்கினார்கள். முடி கொட்டியது. அப்புறம் மார்பை முழுதாக எடுத்தார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து. அடுத்தது ரேடியேஷன். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. ஆனால் தெருவில் யாரிடமும் நாங்கள் அதைச் சொல்லவில்லை. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தோம். கர்ப்பப்பை என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என்னைப் பார்த்துக்கொள்ளக் கீழ்க்கட்டளையிலிருந்து அக்கா வந்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். தன் இரண்டு பெண்களுக்கும் சிசேரியன் ஆனபோது கூட இருந்து உடம்பைத் தேற்றி அனுப்பியவள். கத்தி பட்ட உடம்பு என்றால் அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், அது பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற வைத்தியம். எனக்கும் அதையே செய்தாள். காதில் பஞ்சு, பூண்டுக் குழம்பு, வெந்நீர், ஜன்னலுக்குத் துணி. நாற்பத்து நான்கு வயதில், தலையில் ஒரு முடி இல்லாமல், காதில் பஞ்சோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் கணவர் ஒரு நாள் சிரித்துவிட்டார். நான் டம்ளரை எறிந்தேன். அது அவர் மேல் படவில்லை. எறிந்தது இடது கை.

வலது கையை அக்கா கட்டிப் போட்டிருந்தாள். என் கணவரின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, கழுத்தைச் சுற்றி முடிந்து, அதற்குள் கையை மடக்கி வைத்தாள்.

"பச்ச உடம்புடி. கைய அசைச்சா தையல் பிரிஞ்சுடும். சும்மா இரு."

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு தெரபிஸ்ட் பெண் ஒரு காகிதம் கொடுத்திருந்தாள். அதில் கையைத் தூக்குகிற பொம்மைகள் வரிசையாக இருந்தன. காயத்து நீர் வடிய வைத்திருந்த டியூப்பை எடுத்த மறுநாளிலிருந்து மெதுவாக ஆரம்பியுங்கள், வலித்தாலும் விடாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னாள். அக்கா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, பூஜை அலமாரியில் விபூதி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். "நாப்பது நாள் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இங்கே நான் அக்கா மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பல வருஷம் அப்படித்தான் செய்தேன். ஆனால் அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. டியூப் எடுத்த அன்று பாத்ரூமில் ஒரே ஒரு தடவை கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தேன். வலியைக்கூடச் சமாளித்திருப்பேன். கையோடு சேர்ந்து நைட்டியும் மேலே இழுபட்டு, அந்தப் பக்கம் தட்டையாக ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டேன். கை வேட்டித் துணிக்குள் மடங்கிக் கிடந்தால் முன்பக்கம் மறைந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் அக்கா கட்டியதை நான் அவிழ்க்கவில்லை. மூன்று வாரம் அப்படியே இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டரிடம் காட்டப் போனோம். ஆபரேஷன் செய்த டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். காயத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "கையத் தூக்குங்கம்மா" என்றார்.

தூக்கினேன். தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறவில்லை. அக்குளிலிருந்து முழங்கை வரை, தோலுக்கு அடியில், கொடிக்கயிறு மாதிரி ஒன்று விறைத்துக்கொண்டு நின்றது. மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போயிருந்தது. அங்கே அவர் தொட்டபோது வேறு யாருடைய கையையோ தொடுவது போலிருந்தது.

என் கழுத்திலிருந்த வேட்டி முடிச்சை அவர் பார்த்தார். "இத யார் கட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் அக்கா. பாராட்டுவார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அக்காவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார். ரேடியேஷன் மேஜையில் மல்லாந்து படுக்க வேண்டும். கை தலைக்கு மேலே போய் அங்கே இருக்கிற கம்பியைப் பிடிக்க வேண்டும். பிடித்தபடி அசையாமல் இருக்க வேண்டும். கை குறுக்கே நின்றால் கதிர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

"கை வரலைன்னா?" என்றார் என் கணவர்.

"வர்ற வரைக்கும் ஆரம்பிக்க முடியாது."

"எவ்வளவு நாள் தள்ளலாம் சார்?"

"தள்ளாம இருக்கறதுதான் நல்லது" என்றார் டாக்டர். அதற்கு அர்த்தம் என்ன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் புரிந்தது. உள்ளே ஏதாவது ஒரு துளி மிச்சம் இருந்தால், அது என் கைக்காகக் காத்திருக்காது.

ரேடியேஷனுக்கு, மூன்று வாரம் கழித்து வருகிற திங்கள்கிழமை என்று தேதி கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் பல்லாவரம் போய், குரோம்பேட்டை போய், தாம்பரம் வரும் வரை அக்கா அந்த வேட்டி முடிச்சையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் என் கழுத்து முடிச்சை அவிழ்த்தாள். அந்தத் துணியை அடுப்படிக்குக் கரித்துணியாகப் போட்டாள். விபூதி டப்பாவுக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள்.

"இவ கை மேல போற வரைக்கும் நான் மீன் தொட மாட்டேன்."

இது சின்ன விஷயம் இல்லை. மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. புரட்டாசியில்கூடக் கருவாட்டு டப்பாவைத் திறந்து வாசனை பார்க்கிறவள் என்று அவள் மாப்பிள்ளையே கேலி செய்வார்.

மறுநாள் காலையிலிருந்து சுவர் ஆரம்பமானது. காகிதத்தில் இருந்தபடி சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், விரல்களால் சுவரில் மேலே மேலே நடக்க வேண்டும். என் கணவர் முதலில் இடது கையைத் தூக்கச் சொல்லி, அது தொட்ட உயரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். தெரபிஸ்ட் பெண் போனில், அந்தக் கோட்டை நெருங்கிவிட்டால் மேஜையிலும் கை போய்விடும் என்றாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் ஏழரை மணிக்கு அவர் பென்சிலோடு நிற்பார். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் நடப்பேன்.

நான்கு நாள் தினம் கொஞ்சம் ஏறியது. ஒரு விரற்கடை, அரை விரற்கடை. ஐந்தாம் நாள் கயிறு பிடித்துக்கொண்டது. விரல்கள் முந்தின நாள் கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றன. வலியில் கண் இருட்டியது. எப்படியாவது அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று உடம்பு முழுவதும் எக்கியது. விரல் கோட்டைத் தாண்டியது.

"அட, ஒரு விரல் ஏறியிருக்கு" என்றார் அவர்.

சட்டென்று கோடு போட்டுத் தேதி எழுதினார். அக்கா பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள். நான் கீழே பார்த்தேன். என் இரண்டு குதிகாலும் தரையில் இல்லை. நைட்டி நீளம், அவர்கள் இரண்டு பேரும் மேலே விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகக் குதிகாலை இறக்கினேன். சொல்லியிருக்கலாம். அவர் முகத்தை நான் அந்த மாதிரி பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சொல்லவில்லை.

அடுத்த நாள் வேண்டுமென்றேதான் செய்தேன். அதற்கு அடுத்த நாளும். முதலில் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றுகொள்ள வேண்டும். விரல் ஏற ஏற முழங்காலை நிமிர்த்த வேண்டும். கடைசியில் குதிகால், அதுவும் போதாவிட்டால் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்தால் இன்னும் அரை விரல் கிடைக்கும். முகத்தில் வலியைக் காட்ட வேண்டியிருக்கவில்லை, வலி நிஜமாகவே இருந்தது. அலுவலகத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஒரு பதிவேட்டில் தப்பு எழுத எப்போதும் கை நடுங்கும். இந்தச் சுவரில் நடுங்கவில்லை.

ஆனால் குளிக்கும்போது உண்மை தெரிந்துவிடும். வலது கையில் சொம்பை எடுத்துத் தலைக்கு மேல் ஊற்ற முடியவில்லை. காதோடு நின்றது. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு அழுவேன், பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டு. இன்னும் பன்னிரண்டு நாள் என்று எண்ணுவேன், பிறகு பதினொன்று, பத்து. கயிறு ஒரு நாள் தானாக அவிழ்ந்துவிடும், அப்போது பொய்யும் உண்மையும் ஒன்றாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நம்பினேன். நோய் வந்ததும் அறிவு எங்கே போயிற்று என்று என்னையே நான் இப்போது கேட்கிறேன். அறிவு எங்கேயும் போகவில்லை, பயம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பதினோராவது பொய் ஒரு சனிக்கிழமை. சிவப்புக் கோட்டுக்கு ஒரே ஒரு விரல்தான் பாக்கி. என் கணவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தார். அக்கா வாசலுக்குப் போய் நின்றாள். ஒன்பது மணிக்கு மீன்காரம்மா தெருவில் வந்தபோது, பதினைந்து நாளுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வஞ்சிரம் கொண்டா. பெருசா."

மீன்காரம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி வருகிறவள். தலையில் அலுமினியக் கூடை. அதை இறக்கவும் ஏற்றவும் வீட்டுக்காரர்கள்தான் ஒரு கை கொடுக்க வேண்டும், அது எங்கள் தெரு வழக்கம். முன்பெல்லாம் எங்கள் வாசலில் அந்தக் கை என்னுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் குரல் கேட்டாலே நான் உள்ளே போய்விடுவேன். நான் அவளோடு பேச்சை விட்டுவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் தாமதமாக எழுந்தார். அதனால் ஏழரை மணிக் கோடு ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனது. மீன்காரம்மா வந்துவிட்டாள். அக்கா போய்க் கூடையை இறக்கிவிட்டாள். வஞ்சிரத்தை எடுத்துக் காட்டிவிட்டு, எங்கள் வாசற்படியில் குந்தி, அரிவாள்மனையை விரித்து வைத்தாள் அவள்.

"இரு, ஒரு நிமிஷம், இதோ வந்துடறேன், அப்புறம் வெட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே ஓடி வந்தாள். கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மீனில் கத்தி படவேண்டும் என்று அவளுக்கு.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். முதுகு வாசலுக்கு. விரல்கள் ஏறின. நான்கு உண்மைக் கோடுகளைத் தாண்டின. முழங்கால் நிமிர்ந்தது, குதிகால் எழுந்தது. சிவப்புக் கோட்டுக்கு நகக்கண் அளவுதான் மிச்சம். அவர் பென்சிலைக் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா அது" என்றது வாசலிலிருந்து குரல். "குதிகால தூக்கிகினு கைய காட்ற. கை எங்க ஏறிச்சு? நீதான் ஏறிகினு கீற."

நின்றிருந்த இரண்டு பேருக்கும் பதினோரு நாளாகத் தெரியாதது, படியில் குந்தியிருந்தவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அவள் கண் இருந்த உயரத்தில் என் குதிகால் இருந்தது.

என் கணவர் குனிந்து பார்த்தார். நான் இறக்கவில்லை, இறக்க மறந்துவிட்டேன். இரண்டு குதிகாலும் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"கால கீழ வை" என்றார் அவர், மெதுவாக.

வைத்தேன். விரல்கள் சுவரில் வழுக்கிக்கொண்டு இறங்கின. பதினோரு கோடுகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி வந்து, நான்காவது கோட்டில் நின்றன. சரியாக நான்காவதில். அவர் அந்தக் கோட்டுக்கு எதிரே இருந்த தேதியைப் படித்தார். பென்சிலை டி.வி. மேல் வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் முழுவதும் வாசல் பக்கம் திரும்பியது. "உன் வேலையப் பாரு. யார் வூட்டுக்குள்ள எட்டிப் பாக்கச் சொன்னாங்க உன்ன?"

"நான் எங்க எட்டிப் பாத்தேன், கண்ணுக்கு நேரா கீது" என்றாள் அவள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "கர்ப்பப்பைன்னு சொன்னப்பவே எனக்கு டவுட்டு. அதுக்கு இன்னாத்துக்கு கைய தூக்கணும்? எங்க குப்பத்துலயும் ஒருத்திக்கு மாரு எடுத்தாங்க. யார ஏமாத்திகினு கீறம்மா நீ?"

அக்கா வாசலுக்குப் போனாள். "மீன் வேணாம். எடுத்துட்டுப் போ."

மீன்காரம்மா ஏன் என்று கேட்கவில்லை. தான் வாயைத் திறந்ததால்தான் ஒரு முழு வஞ்சிரம் கூடைக்குத் திரும்பியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதை ஈரத்துணி போட்டு மூடினாள். அக்கா ஒரு பக்கம் பிடிக்க, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு அக்கா திரும்பினாள். திட்டப்போகிறாள் என்று நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் உன்னாலதான். நீதான கட்டிப் போட்ட. மூணு வாரம் கட்டிப் போட்டுட்டு இப்ப மீன் திங்காம இருந்தா சரியாயிடுமா? நான் செத்தா உன் விரதம்தான் காரணம்னு எழுதி வெச்சுட்டுப் போறேன்."

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் அழவில்லை. "ஆமாண்டி, நான்தான் கட்டினேன். எனக்குத் தெரியல, கட்டினேன். உனக்குத் தெரியுமில்ல? நீ ஏன் அவுக்கல?"

பதில் என்னிடம் இருந்தது. கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னேன். வேட்டித் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதைச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம் அது. சொல்லும்போது நைட்டியின் முன்பக்கத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தேன். அக்கா வந்து அந்தக் கையை எடுத்து விட்டாள். பட்டன்களைக் கழற்றினாள். பார்த்தாள். நானும் குனிந்து, அன்றுதான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். குறுக்கே ஒரு நீளத் தழும்பு, அவ்வளவுதான். ஏதோ பெரிதாக இருக்கும் என்று பயந்திருந்தேன்.

"நல்லாத்தான் ஆறியிருக்கு" என்றாள். பட்டனைப் போட்டுவிட்டாள். "எட்டு நாள் இருக்கு. திரும்பி நில்லு."

நான் சுவரைப் பார்த்து நின்றேன். அக்கா தரையில் உட்கார்ந்தாள். மூட்டு வலிக்காரி, சம்மணம் போட்டு உட்கார்ந்து பல வருஷம். உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தரையோடு அழுத்தினாள்.

"இப்ப ஏறு."

அந்த எட்டு நாளும் அப்படித்தான். காலை, மத்தியானம், சாயங்காலம். வெந்நீர்த் துணியால் தோளுக்கு ஒத்தடம். பிறகு சுவர். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, ஒட்டடைக் கம்பை இரண்டு கையிலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையைத் தலைக்கு மேலே தள்ள வேண்டும். தெரபிஸ்ட் பெண்ணிடம் போய் அந்தக் கயிற்றைக் காட்டினோம். இது பலருக்கும் வருவதுதான், முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், ஆனால் விடவும் செய்யாதீர்கள் என்றாள். ரவிக்கையும் நைட்டியும் அக்குளில் உராயும் இடத்துக்கு அக்கா பழைய புடவையைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்து ஒரு குட்டித் தலையணை தைத்தாள். அதை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் மூச்சு விட முடிந்தது. மற்ற நேரமெல்லாம் நான் அவளைத் திட்டினேன். விடு என்பேன், ராட்சசி என்பேன். கணுக்காலிலிருந்து கை எடுக்க மாட்டாள். எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரை எண்ணிவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்.

என் கணவர் அந்த எட்டு நாளும் கோடு போடவில்லை. பென்சில் டி.வி. மேலேயே கிடந்தது. பேசினார், சாப்பாடு போட்டால் சாப்பிட்டார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார். சுவர்ப் பக்கம் வரவில்லை. அந்தப் பதினோரு கோடுகளையும் நான் அழிக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். அது தண்டனையா, வேறு என்னவோ என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் இல்லை.

மீன்காரம்மா தினம் ஒன்பது மணிக்கு எங்கள் வாசலைத் தாண்டிப் போவாள். கூடையை இறக்க மாட்டாள். நடந்தபடியே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"குதிகால் எறங்கிச்சா?"

முதல் நாள் நான் கதவைச் சாத்தினேன். மூன்றாம் நாள் "எறங்கிச்சு" என்று கத்தினேன். ஆறாம் நாள், அக்கா கணுக்காலைப் பிடித்திருக்க, விரல்கள் ஐந்தாவது கோட்டைத் தாண்டிப் போயின. முதல் பொய்க்கோடு. அதை நிஜத்தில் கடந்தபோது அக்குளுக்குள் ஏதோ நெகிழ்ந்தது. பயத்தில் கத்திவிட்டேன். எதுவும் பிரியவில்லை, ரத்தம் வரவில்லை. கயிறு கொஞ்சம் விட்டிருந்தது. அன்று சாயங்காலம் எட்டாவது கோடு. சனிக்கிழமை அங்கேயே நின்றது. ஞாயிறு முழுக்க முயற்சி செய்து கீழிருந்து பதினொன்றாவது கோட்டைத் தொட்டேன், சிவப்பைத் தொடவில்லை. நாளைக்குத் திங்கள்.

திங்கள்கிழமை ஆட்டோவில் நான் வழி முழுக்க உள்ளங்கையைப் பிசைந்துகொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அக்காவும் அவரும் வெளியே பெஞ்சில். உள்ளே ஏ.சி. குளிர். மேஜை பலகை மாதிரி கெட்டியாக இருந்தது. டெக்னீஷியன் பெண் மல்லாந்து படுக்கச் சொன்னாள். தலைமாட்டில் ஒரு கம்பி.

"கையத் தூக்கி அதப் பிடிங்க மேடம்."

தூக்கினேன். காதைத் தாண்டியது. நெற்றியைத் தாண்டியது. நின்றது. விரலுக்கும் கம்பிக்கும் நடுவே நாலு விரற்கடை.

"இன்னும் கொஞ்சம்."

என் கால்கள் பழக்கத்தில் எக்கின. குதிகால் மேஜை விரிப்பில் வழுக்கிக்கொண்டு போனது. மல்லாந்து கிடப்பவளுக்குக் குதிகாலைத் தூக்கி என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மேஜையில் ஏமாற்ற என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"முடியலைன்னா சொல்லுங்க மேடம், வேற தேதி பாக்கலாம்."

வேறு தேதி. அந்த வார்த்தையைக் கேட்டதும் காலைத் தளர்த்தினேன். கணுக்காலில் அக்காவின் கை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அவள் குரலில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு. ஆறில் கயிறு இழுத்தது. விடவில்லை. பத்து வரை போய், மறுபடியும் ஒன்று. மூன்றில் நடுவிரல் எதையோ குளிர்ச்சியாகத் தொட்டது. அப்புறம் மோதிர விரல். அப்புறம் உள்ளங்கை.

"அவ்வளவுதான். அசையாதீங்க" என்றாள் அவள்.

கதிர் விழ வேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஊதா மையால் என் மார்புப் பக்கம் கோடுகள் போட்டாள். வெகு நேரம் ஆனது. தோள் எரிந்தது, கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. கம்பியை விடவில்லை. "நாளைலேர்ந்து தினம் வரணும் மேடம், ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லி அவள் ஊதாப் பேனாவை மூடியபோது, எங்கள் சுவரில் இருந்த கோடு எதையும்விட அவள் போட்ட கோடுகள் எனக்குப் பிடித்திருந்தன.

புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சிலிருந்து இரண்டு பேரும் எழுந்தார்கள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். பென்சில். அதைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"போச்சாடி?" என்றாள் அக்கா.

வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லை என்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அக்கா என் கையைப் பார்க்கவில்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, என் புடவைக் கரையை விலக்கி, குதிகாலைப் பார்த்தாள். இரண்டும் தரையில் இருந்தன.